இடுப்பிலா, இருக்கையிலா? பாய்க்கும் பனைக்கும் பொதுவான ஒரு கயிற்றின் வரலாறு

உடலைக் கயிற்றோடு பிணைத்துச் செய்யும் வினைகள் அனைத்திலும் ஒரு கேள்வி தவறாமல் எழுந்திருக்கிறது: கயிறு உடலை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும்? இடுப்பிலா, இருக்கையிலா? விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ப்பலகை விளையாட்டில் இக்கேள்வி ஒருவர் தமக்கான கச்சையை விலைக்கு வாங்கும் நேரத்தில் எழுகிறது. ஐதராபாத்தின் கிழக்கு வாசலான உப்பலைத் தாண்டினால் காணும் பனைகளில் அதே கேள்வி உயிரைப் பற்றியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒரு கருவியின் வரலாறு எவ்வாறு உழைப்பின் வரலாறாகவும் அமைகிறது என்பது தெளிவாகிறது.

பாய்ப்பலகையின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்கரான நியூமன் டார்பி 1960களின் நடுப்பகுதியில் கையால் பிடித்து இயக்கும் பாயைப் பலகையொன்றின் மேல் நிறுத்திக் காட்டினார். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும், எல்லாப் பக்கமும் சாயக்கூடிய மூட்டினால் பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் அமைப்புக்கு 1968இல் காப்புரிமை கோரி, 1970இல் அதனைப் பெற்றனர். சாதாரணப் பாய்மரப் படகில் மரத்தை நிமிர்த்தி நிறுத்தக் கயிறுகளும் கம்பிகளும் உண்டு. பாய்ப்பலகையில் அவை இல்லை. மரத்தை நிமிர்த்தி வைப்பது ஓட்டுபவரின் உடல் மட்டுமே. காற்றின் இழுவை முழுவதும் பாயின் குறுக்குத்தடி வழியாக இரு கைகளுக்கு வந்து சேர்கிறது. பலத்த காற்றில் முன்கைத் தசைகள் விரைவில் சோர்ந்துவிடும். விரல்கள் தாமாக விரியும்.

இச்சோர்வுக்கு விடையாக 1970களில் கச்சை வந்தது. குறுக்குத்தடியின் இருபுறமும் வளையமாகத் தொங்கும் கயிறு, உடலில் கட்டிய கச்சையில் ஒரு கொக்கி, கொக்கியில் கயிற்றை மாட்டினால் இழுவை கையை விட்டு உடலுக்கு மாறும். அமைப்பு அவ்வளவே. ஆனால் கொக்கி உடலின் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எளிதில் முடிவாகவில்லை. முதற்கட்டக் கச்சைகள் மார்பு உயரத்தில் அமைந்தன. இழுவை முதுகின் மேற்பகுதியில் விழுந்ததால் உடல் முன்னோக்கி மடிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கொக்கி கீழிறங்கி, இடுப்புக் கச்சை, இருக்கைக் கச்சை என்னும் இரு வடிவங்களில் நிலைபெற்றது.

பாய்மர உலகுக்கு உடலைக் கம்பியில் தொங்கவிடும் எண்ணம் புதிதன்று. 1938இல் இங்கிலாந்தின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பைப் போட்டியில் பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும் ஓட்டிய சிறு படகில், மரத்தின் மேற்பகுதியிலிருந்து வந்த கம்பியில் தம்மை மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே சாய்ந்து நிற்கும் முறை கையாளப்பட்டது. டிரபீஸ் எனப்படும் அம்முறையால் அவர்கள் வென்றனர். வென்றதும் அம்முறை தடைசெய்யப்பட்டது. போருக்குப் பிந்தைய படகு வகைகளில் அது மீண்டும் வந்து இயல்பாகிப் போனது. 1982 ஆசிய விளையாட்டுகளின் பாய்மரப் போட்டிகள் பம்பாயில் நடந்தபோது, ஃபாரூக் தாராப்பூரும் ஜரீர் கரஞ்சியாவும் ஃபயர்பால் வகைப் படகில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தனர். ஃபயர்பால் டிரபீஸ் பொருத்திய படகு. எனவே, உடலின் எடையைக் கச்சையில் ஏற்றிக் காற்றை எதிர்கொள்ளும் கலை இந்தியாவிலும் நாற்பதாண்டுகளுக்கு முன்பே பழகிய ஒன்று.

இரு கச்சைகளுக்கும் இடையிலான வேறுபாடு இது. இடுப்புக் கச்சையில் கொக்கி ஏறத்தாழத் தொப்புளின் உயரத்தில் இருக்கும். இடுப்பெலும்பும் தொடைகளும் கட்டின்றி இருப்பதால் உடலைத் திருப்பலாம், முறுக்கலாம், நொடியில் கொக்கியைக் கழற்றி மீண்டும் மாட்டலாம். அலைகளின் மேல் ஓட்டுபவர்களும் வித்தை காட்டுபவர்களும் இதை விரும்புவது இதனால்தான். விலையும் உண்டு: இழுவையைத் தாங்குவது கீழ்முதுகு, சரியாக வரிந்து கட்டாவிடில் கச்சை விலாவை நோக்கி மேலேறி மூச்சைப் பிடிக்கும். இருக்கைக் கச்சையில் கொக்கி அடிவயிற்றுக்குக் கீழே வரும். தொடைகளைச் சுற்றிய பட்டைகள் அது மேலேறாமல் தடுக்கும். ஓட்டுபவர் நாற்காலியில் அமர்வதுபோலத் தம் முழு எடையையும் பாயின்மேல் ஏற்றலாம். பெரிய பாயோடு நெடுந்தொலைவு விரைய இதுவே ஏற்றது. இதற்கு மாட்டுகயிறு நீளமாக இருக்க வேண்டும். திடீரெனக் கழற்றுவதும் சற்றுக் கடினம். பாய் ஓட்டுபவரை முன்னே தூக்கி எறியும் தருணத்தில் அந்தக் கடினம் ஆபத்தாகவும் மாறலாம்.

போட்டிக் களம் மாறும்போது விடையும் மாறுகிறது. 2008 முதல் டோக்கியோ வரையிலான ஒலிம்பிக் போட்டிகளில் ஆர்எஸ்:எக்ஸ் வகைப் பலகை பயன்பட்டது. மெல்லிய காற்றில் பாயைக் கைகளால் ஓயாமல் அசைத்து முன்னேற வேண்டிய பலகை அது. அப்பொழுதுகளில் கச்சைக்கே வேலை குறைவு. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்றது இவ்வகையில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதன் இடத்தைப் பிடித்த ஐக்யூஃபாயில் பலகை நீருக்கு மேலே எழும்பிப் பறக்கிறது. பாயின் இழுவைக்கு ஈடாக உடலை நெடுநேரம் வெளியே தொங்கவிட வேண்டும். அங்கே இருக்கைக் கச்சை வழக்கமாயிற்று.

இவ்வளவிலிருந்து ஒரு பொதுவிதியைப் பிரித்தெடுக்கலாம். வினையின் பெரும்பகுதி அசைவாக இருந்தால் கயிறு இடுப்பைத் தேடுகிறது; பெரும்பகுதி தொங்குதலாக இருந்தால் இருக்கையைத் தேடுகிறது. அசைவும் தொங்குதலும் சம அளவில் கலந்த வினையில்தான் தேர்வு கடினமாகிறது. அத்தகைய வினை ஒன்று ஐதராபாத்துக்கு மிக அருகில் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது.

குதுப்ஷாகி மன்னர் இப்ராகிம் குலியின் காலத்தில், 1562 அளவில் வெட்டப்பட்ட ஹுசைன் சாகர் இன்று பாய்மரப் படகோட்டிகள் பயிலும் ஏரி. அதன் கரையில் 2023 மே மாதம் தெலங்கானா அரசு நீரா கஃபே ஒன்றைத் திறந்தது. நீரா என்பது புளிக்காத பனஞ்சாறு. ஏரியில் பாயை இழுக்கும் கச்சையையும், கரையில் விற்கும் சாற்றை மரத்திலிருந்து இறக்கிய கச்சையையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவரும் இடம் அது. அந்தச் சாற்றின் வழியைப் பின்தொடர்ந்தால் கிழக்கே செல்ல வேண்டும்.

உப்பல் இன்று மெட்ரோ நிலையத்தாலும் கிரிக்கெட் அரங்காலும் அறியப்படும் பகுதி. ஆனால் அது முதன்மையாக ஒரு சாலையின் தொடக்கம். போடுப்பல், கட்கேசர், புவனகிரி, ஜனகாம் வழியாக வாரங்கலுக்குச் செல்லும் அச்சாலையில், கட்டடங்கள் குறையும் இடத்தில் பனைகள் தொடங்குகின்றன. இதே நிலப்பரப்பில்தான் சர்வாயி பாப்பண்ணா வாழ்ந்தார். கள்ளிறக்கும் சாதியில் பிறந்து, குலத்தொழிலை மறுத்து, படை திரட்டி, ஷாப்பூரில் கோட்டை அமைத்து, 1708இல் வாரங்கலையும் 1709இல் புவனகிரியையும் தாக்கி, 1710இல் முகலாய அதிகாரிகளால் கொல்லப்பட்டவர் அவர். ரிச்சர்ட் ஈட்டன் தக்காணத்தின் சமூக வரலாற்றை எட்டு மனிதர்களின் வாழ்க்கை வழியாக எழுதியபோது, அவ்வெண்மரில் ஒருவராகப் பாப்பண்ணாவைத் தேர்ந்தார். அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் இடையே ஒரு கள்ளிறக்குபவர் இடம்பெற்றது தற்செயலன்று. பனையும் அதிலேறும் உடலும் இப்பகுதியின் பொருளியலில் பெற்றிருந்த இடத்தை அது காட்டுகிறது.

தெலங்கானாவின் கௌடு சமூகத்தார் பனையேறும் முறையின் மையம் ‘மோகு’. தெலுங்கில் மோகு என்றால் தடித்த கயிறு. அது மரத்தையும் ஏறுபவரின் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி வரும் ஒரு வளையம். பாதங்களை மரத்தில் ஊன்றி, உடலைப் பின்னோக்கிச் சாய்த்தால் வளையம் இறுகும், அவ்விறுக்கமே பிடிமானம். உடலை மரத்தை நோக்கிக் கொண்டுவந்தால் வளையம் தளரும். அந்த நொடியில் அதை மேலே தள்ள வேண்டும். இறுக்கம், தளர்ச்சி, இறுக்கம், தளர்ச்சி. பாய்ப்பலகையில் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதும் போன்ற ஒரு தாளம் இது. உச்சியை அடைந்ததும் அதே வளையத்தில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் விடுவித்துக்கொண்டு பாளையைச் சீவலாம். ஏறும்போது இடுப்புக் கச்சையாகவும், உச்சியில் ஏறத்தாழ இருக்கையாகவும் ஒரே கயிறு வேலைசெய்கிறது. அதன் நுட்பம் அங்கே இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேயே. கால் வழுக்கினால் சாய்வு குலையும். சாய்வு குலைந்தால் இறுக்கம் போகும். இறுக்கம் போன வளையம் உடலோடு சேர்ந்தே கீழிறங்கும். மழையில் நனைந்த மரத்திலும் நாள்பட்டுத் தேய்ந்த கயிற்றிலும் இந்த ஆபத்து கூடும்.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் முறை வேறு. அங்கே பாதங்களைப் பிணைக்கும் தளைநார் உண்டு. இடையில் அரிவாள் பெட்டி உண்டு. மரத்தின் அடியில் ஏறத் தொடங்குவதற்கு முருக்குத்தடி உண்டு. உடலை மரத்தோடு சுற்றிக் கட்டும் கயிறு அங்கு வழக்கில் இல்லை. மரத்தை மார்போடு அணைத்தே பனையேறி மேலே செல்கிறார். பிடிமானத்தைக் கயிறு தராத இடத்தில் கைகளும் மார்பும் தருகின்றன. மார்பில் காய்த்த தோல் அதன் சான்று.

இரு மொழிகளின் பெயரிடும் முறையும் இங்கே கவனத்துக்குரியது. தமிழ் இத்தொழிலாளரைப் பனையேறி என்கிறது, ஏறுதல் பெயராகிறது. தெலுங்கு ‘கீத’த் தொழிலாளர் என்கிறது, ‘கீயு’ என்பது கீறுதல், சீவுதல் என்னும் பொருளுடையது, தமிழின் ‘கீறு’ என்பதோடு உறவுடையது. ஒரு மொழி மரத்தின் நெடுமையைப் பார்க்கிறது. மற்றொன்று உச்சியில் நடக்கும் வேலையைப் பார்க்கிறது. பெயரைக் கொண்டே ஏறும் முறையை நிறுவிவிட முடியாது. எனினும் ஏறுதல், சீவுதல் என்னும் இரண்டும் வெவ்வேறு வேலைகள், அவற்றுக்கு உடலின் வெவ்வேறு நிலைகள் தேவை என்பதை இரு மொழிகளும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. கச்சை வடிவமைப்பவர் முதலில் அறிய வேண்டிய செய்தியும் அதுவே.

இந்த உடல் ஆவணங்களில் எவ்வாறு பதிவானது? பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஆயத்துறை மரத்துக்கு வரி விதித்தது. சென்னை மாகாணத்தில் சாறு இறக்கும் மரங்களுக்குக் குறியிட்டு எண் கொடுத்தார்கள். மரம் கணக்கில் ஏறியது. ஏறுபவர் அந்த மரத்தின் வருமானத்துக்கு உரிய வழியாகக் கணக்கில் வந்தார். ராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார் குறித்து எழுதிய நூலில் பனையேறுதல் பற்றிய செய்திகள் உண்டு. அச்சமூகத்தைப் பற்றிய இழிவான மதிப்பீடுகளும் உண்டு. பின்னர் நாடார் சமூகத்திலிருந்து அந்நூலுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. திறமையை வியந்துகொண்டே அத்திறமைக்குரியவரைத் தாழ்த்தும் பார்வை அது. அப்பார்வையில், ஏறுபவரின் பாதுகாப்பு ஆட்சிக்குரிய பொறுப்பாகத் தோன்ற இடமில்லை. விழுந்தால் அது விதி, அல்லது கவனக்குறைவு.

வேறு துறைகளில் விழுதலைப் பற்றிய எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாறியது. மலையேறுவோர் நெடுங்காலம் கயிற்றை நேராக இடுப்பில் முடிந்துகொண்டனர். விழுந்து இடுப்புக் கயிற்றில் தொங்கினால் விலா நெரிபட்டு மூச்சு அடைபடும். தரையில் மோதாமலே சில நிமிடங்களில் உயிர் போகலாம். 1970இல் அன்னபூர்ணாவின் தெற்கு முகத்தில் ஏறிய பிரிட்டிஷ் குழுவுக்காக டான் வில்லன்ஸ் வடிவமைத்த இருக்கைக் கச்சை, எடையைத் தொடைகளுக்கு மாற்றியது. அதன்பின் மலையேற்றத்தில் இடுப்பு முடிச்சு வழக்கொழிந்தது. தொழிற்கூடங்களிலும் இதே நகர்வு நடந்தது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதிகள், விழுதலைத் தடுத்து நிறுத்தும் சாதனமாக இடுப்பு வாரைப் பயன்படுத்துவதை 1998 ஜனவரி 1 முதல் ஏற்பதில்லை. இந்தியாவில் 1999இல் திருத்தப்பட்ட ஐஎஸ் 3521 தரநிலை, வார்கள், கச்சைகள் என்னும் இரண்டையும் பெயரிலேயே கொண்டது. உயரத்தில் வேலை செய்பவருக்கு முழு உடற்கச்சையே தேவை என்பது கட்டுமானத் துறையில் பொது அறிவாயிற்று. உப்பல் மெட்ரோவின் தூண்களை எழுப்பும் தொழிலுக்கு இந்த விதிகள் உண்டு. அச்சாலையின் தொடர்ச்சியில் நிற்கும் பனைமேல் ஏறியவருக்கோ மோகு மட்டுமே துணையாக இருந்தது. அவர் எந்தத் தொழிற்கூடத்திலும் சேர்ந்தவரல்லர்.

இந்நிலையில் ஒரு மாற்றம் 2024 ஜூலை 14 அன்று நிகழ்ந்தது. உப்பலுக்குத் தென்கிழக்கே, அப்துல்லாபூர்மேட் மண்டலத்தின் லஷ்கர்குடா கிராமத்தில், தெலங்கானா முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி ‘காட்டமய்யா ரட்சை’ என்னும் பாதுகாப்புக் கருவித்தொகுப்பைக் கள்ளிறக்கும் தொழிலாளர்களுக்கு வழங்கத் தொடங்கினார். காட்டமய்யா கௌடு சமூகத்தாரின் தெய்வம். மலையேற்றக் கருவிகளின் வழிவந்த கச்சை, கயிறு, கொக்கி ஆகியவை அத்தொகுப்பின் அடிப்படை. வில்லன்ஸ் அன்னபூர்ணாவில் கொடுத்த விடை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு கிராம தெய்வத்தின் பெயர் தாங்கிப் பனைக்கு வந்து சேர்ந்தது.

இங்கே பாய்ப்பலகையின் அனுபவம் மீண்டும் உதவுகிறது. அந்த விளையாட்டில் இருக்கைக் கச்சை வந்ததும் இடுப்புக் கச்சை மறையவில்லை. இரண்டும் நிலைத்தன, ஏனெனில் தேர்வு செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே. தவறான தேர்வின் விலை பெரும்பாலும் ஒரு குளியல். பனையில் இவ்விரண்டும் வேறு. தவறினால் கீழே இருப்பது தரை. ஆகவே இடுப்பு வளையம் விரைவானது, பழகியது என்பதை மட்டும் காட்டி அதுவே போதுமென்று வாதிட முடியாது. அதே வேளையில், வழங்கப்படும் கருவியைத் தேர்ந்தவர் ஏறுபவர் அல்லர். நாளுக்கு எத்தனை மரம் என்பதே அவரது வருமானம். ஒவ்வொரு மரத்திலும் கச்சையை மாட்டவும் கழற்றவும் ஆகும் நேரம் அந்த வருமானத்திலிருந்து கழிகிறது. கருவி உயிரைக் காக்கும். காக்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது என்பதைக் கருவி சொல்லாது.

கேரளத்தின் தென்னை இதற்கு ஒரு முன்னுதாரணம் தருகிறது. கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் உருவான ஏறுகருவி, நின்றபடி ஏறும் வகை. அமர்ந்து ஏறும் வகைகளும் பின்னர் சந்தைக்கு வந்தன. நிற்பதா, அமர்வதா என்னும் அதே கேள்வி அங்கே இயந்திர வடிவில் எழுந்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னையின் நண்பர்கள்’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, ஏறுகருவியோடு பயிற்சியையும் சேர்த்தே கொடுத்தது. தென்னையோடு ஒப்பிட்டால் பனை கடினமானது. தேங்காய் பறிக்கச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஏறினால் போதும். பாளை சீவுபவர் பருவம் முழுவதும் நாள்தோறும், சில இடங்களில் நாளுக்கு இருமுறையும், அதே மரத்தில் ஏறியாக வேண்டும். ஒருமுறை ஏறுவதற்கு உருவான கருவி, நூறுமுறை ஏறுபவருக்கு அப்படியே பொருந்துமா என்பது ஆராயப்பட வேண்டியது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் பனையேறுதல் பதநீரோடும் கருப்பட்டியோடும் சுருங்கியிருக்கிறது. சுருங்கிய தொழிலுக்குக் கருவி செய்ய ஆள் இல்லை. கருவி இல்லாத தொழிலுக்கு இளைஞர் வருவதில்லை. மோகு என்னும் இடுப்பு வளையம்கூட இல்லாத தென்தமிழகப் பனையேறிக்கு, இடுப்பா இருக்கையா என்னும் கேள்வியே இன்னும் வந்து சேரவில்லை. தெலங்கானாவின் முயற்சி வெற்றி பெறுகிறதா என்பதை இராமநாதபுரமும் தூத்துக்குடியும் உற்றுநோக்க வேண்டிய காரணம் இதுதான்.

பொறியியல் மாணவருக்கு இது சுமைப்புள்ளியைப் பற்றிய சிக்கல். மானிடவியல் மாணவருக்கு உடற்பழக்கத்தைப் பற்றிய சிக்கல். மொழியியல் மாணவருக்கு ஏறுதலும் கீறுதலும் பற்றிய சிக்கல். மூன்று துறையினரும் சேர்ந்து ஒரு பனையின் அடியில் நின்றால்தான் விடை கிட்டும். ஏறும்போது இடுப்பின் விடுதலையையும், உச்சியில் இருக்கையின் ஆதரவையும், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நொடியிலும் அறுபடாத பிடிமானத்தையும் தரும் கச்சை தேவைப்படுகிறது. அதன் முதல் இரண்டு நிபந்தனைகளை மோகு செய்தவர்கள் எப்போதோ நிறைவேற்றிவிட்டார்கள். எஞ்சியிருப்பது மூன்றாவது; அதை வடிவமைக்கும் மேசையில் பாளை சீவுபவருக்கும் ஓர் இடம் வேண்டும்.